பிராசஸர் எதற்காகக் காத்திருக்கிறது?

2022 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசஸரை 449 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2020 நவம்பரிலேயே வெளிவந்திருந்த 5800எக்ஸ் பிராசஸரை அடியொற்றிச் செய்யப்பட்டது அது. இரண்டிலும் எட்டு கோர்கள், கோரின் வடிவமைப்பும் ஒன்றே. பழையதன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ். புதியதற்கு 4.5 கிகாஹெர்ட்ஸ்தான். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர் பழையதைத்தான் எடுத்திருப்பார். ஆனால் பெரும்பாலான கணினி விளையாட்டுகளில் புதியது பழையதைத் தெளிவாக முந்தியது. ரெண்டரிங் போன்ற வேலைகளில் பழையதே சற்று முன்னால் நின்றது.

கோர்கள் ஒன்றாக இருந்தும், வேகம் குறைந்திருந்தும், ஒரு வேலையில் முந்தி இன்னொன்றில் பின்தங்கியது எப்படி? இதற்கு விடை தெரிந்தால், வீட்டிலுள்ள கணினிக்குப் புதிய பிராசஸர் வாங்கலாமா, எதை வாங்கலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி மதர்போர்டில் இருக்கிறது.

கிகாஹெர்ட்ஸ் எண்ணை நம்பி வாங்கும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிரான்சிஸ்டரின் அளவுகளைக் குறைக்கும் அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போனால், டிரான்சிஸ்டர் வேகமாகும், ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் வெப்பம் கூடாது என்று அதில் காட்டினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொழில்துறை இந்த விதியின் மேல்தான் நடந்தது. அந்தக் காலத்தில் மூன்றாண்டு கழித்துப் புதிய பிராசஸர் வாங்கியவருக்கு எல்லா வேலையும் ஒருசேர வேகமானது. எதை வாங்குவது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை நெருங்கியபோது அந்த விதி நின்றுபோனது. அதற்கும் கீழே இறக்கினால், அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்கள் வழியாகவும் மின்னோட்டம் கசியத் தொடங்கியது. 2004 அக்டோபரில் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸை அடிப்படை வேகமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் மேசைக்கணினி பிராசஸர், கோர் ஐ7-4790கே, 2014இல்தான் வந்தது. பத்தாண்டு தாமதத்துக்குக் காரணம் வெப்பம். பிராசஸர் செலவழிக்கும் திறன், வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் உயர்த்த மின்னழுத்தத்தையும் பத்து சதவீதம் உயர்த்த வேண்டியிருந்தால், செலவாகும் திறன் 33 சதவீதம் ஏறிவிடும். பத்து கேட்டவருக்கு முப்பத்துமூன்று பில் வருகிறது.

அதன்பின் பொறியாளர்கள் மூன்று வழிகளில் போனார்கள். ஒரு கடிகாரத் துடிப்புக்குள் கூடுதல் வேலை செய்யவைத்தார்கள். கோர்களைப் பெருக்கினார்கள். பிராசஸர் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். மூன்றாவது வழியைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் 5800எக்ஸ்3டி அந்த வழியில்தான் வென்றது.

டென்னார்டின் பெயர் இங்கே இன்னொரு முறையும் வருகிறது. இன்று எல்லாக் கணினிகளிலும் உள்ள ராம் நினைவகத்தின் அடிப்படை அலகு, அதாவது ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட்டைத் தாங்கும் ஏற்பாடு, அவருடைய கண்டுபிடிப்பு. 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மலிவானது, சிறியது, ஒரு சில்லில் கோடிக்கணக்கில் அடுக்கலாம். ஆனால் அந்த மின்தேக்கியில் இருப்பது மிகச் சிறிய மின்னூட்டம். அதை உணர்ந்து, பெருக்கி, படித்த கையோடு அழிந்துபோனதை மீண்டும் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பிடிக்கும் நேரம் காலப்போக்கில் அதிகம் குறையவே இல்லை.

ராம் பெட்டிகளில் உள்ள எண்களை வைத்தே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டிடிஆர்2-800 ராமில் சிஎல், அதாவது பதில் தர ராம் எடுக்கும் அதன் துடிப்புகள், 5 என்றிருந்தால் 12.5 நானோவினாடி. டிடிஆர்3-1600இல் சிஎல் 9 என்றால் 11.25. டிடிஆர்4-3200, சிஎல் 16 என்றால் 10. டிடிஆர்5-6000, சிஎல் 30 என்றாலும் அதே 10தான். தரவு அள்ளி வரும் அகலம் ஏழரை மடங்கு பெருகியிருக்கிறது. முதல் சொட்டு வந்து சேரும் நேரம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிராசஸரிலிருந்து கோரிக்கை கிளம்பி, வரிசையில் நின்று, மதர்போர்டைக் கடந்து, ராமில் தேடி, திரும்பி வர மொத்தத்தில் 70, 80 நானோவினாடி ஆகிறது. 4.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் 0.22 நானோவினாடி. அந்த ஒரு துடிப்புக்குள் ஒளியே வெற்றிடத்தில் ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் போக முடியும். மதர்போர்டின் தாமிரத் தடத்தில் ஓடும் சமிக்ஞை ஏறக்குறைய அதில் பாதி தூரம்தான் போகும். ஆக, ஒரே ஒரு எண்ணுக்காக ராம் வரை போய் வந்தால் முந்நூறுக்கு மேற்பட்ட துடிப்புகள் வீண். இந்த இடைவெளியை வுல்ஃப், மெக்கீ என்ற இரு ஆய்வாளர்கள் 1995இலேயே நினைவகச் சுவர் என்று அழைத்து எச்சரித்தார்கள்.

சுவரைத் தாண்டப் பயன்படுவது கேஷ். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இந்தச் சிறு நினைவகம் வேறு வகையைச் சேர்ந்தது. ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் செலவாகும், இடத்தை அடைக்கும், ஆனால் வேகமானது. ரைசன் 5000 வரிசையில் முதல் நிலைக் கேஷ் 4 துடிப்பில் பதில் சொல்கிறது. இரண்டாம் நிலைக்கு 12. எல்லாக் கோர்களும் பகிர்ந்துகொள்ளும் மூன்றாம் நிலைக்கு 46. முந்நூறோடு ஒப்பிட்டால் 46 பெரும் லாபம். 5800எக்ஸ் பிராசஸரில் மூன்றாம் நிலைக் கேஷ் 32 எம்பி. எக்ஸ்3டியில் அதன் மேல் இன்னொரு 64 எம்பி சில்லைத் தாமிரத்தோடு தாமிரம் நேராகப் பொருந்துமாறு, இடையில் சால்டரே இல்லாமல் ஒட்டினார்கள். மொத்தம் 96 எம்பி.

விளையாட்டு நிரல்கள் நினைவகத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் தரவுகளைத் தேடித் தாவுகிறவை. ஒரு பாத்திரம் எங்கே நிற்கிறது, எதன் மேல் மோதுகிறது, அதற்கு என்ன உடை என்று அடுத்தடுத்த தரவு அடுத்தடுத்த இடத்தில் இருக்காது. கேஷ் பெரிதானால் அந்தத் தாவல்களில் பல ராம் வரை போகாமல் முடிந்துவிடும். ரெண்டரிங் போன்ற கணக்குகளில் தேவையான தரவு பெரும்பாலும் 32 எம்பிக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது, அல்லது அடுத்து என்ன வேண்டும் என்பதைப் பிராசஸர் முன்கூட்டியே ஊகித்து எடுத்து வைத்துக்கொள்கிறது. அங்கே 4.7 கிகாஹெர்ட்ஸ் வென்றதில் வியப்பில்லை.

ஆகவே பிராசஸர் வாங்கக் கிளம்புகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இப்போது இருக்கும் பிராசஸர் எதற்காகக் காத்திருக்கிறது என்பதுதான்.

எட்டு சதவீதம் என்ற பொய்

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக ஓடுகிறது என்று நீங்கள் குறைப்படும் அதே வேலையைச் செய்யுங்கள். ஆனால் அதில் காட்டும் ஒற்றை சதவீதத்தை நம்பிவிடாதீர்கள். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள பிராசஸரில் ஒரு த்ரெட் முழு மூச்சில் திணறிக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது எட்டு சதவீதமாகத்தான் தெரியும். பார்க்கிறவர் பிராசஸர் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடுவார். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி வரைபடம் காட்டும்படி மாற்றிப் பாருங்கள். அப்போதும், விண்டோஸ் ஒரே வேலையைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டிருப்பதால், சுமை பரவியதுபோலத் தோன்றலாம். மொத்தம் எட்டு சதவீதத்தில் அசையாமல் நின்றால், ஒற்றை த்ரெட் வேலை ஒன்று முட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிப்பது சரி.

அப்படிப்பட்ட வேலைக்குப் பதினாறு கோர் வாங்கினாலும் பயன் இல்லை. ஐபிஎம்மில் பணியாற்றிய ஜீன் அம்டால் 1967இல் சொன்ன கணக்கு இது. ஒரு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் செய்ய முடியும் என்றும், மீதியைப் பகிரலாம் என்றும் கொள்வோம். ஆறு கோரில் அது மூன்று மடங்கு வேகமாகும். கோர்களை இரட்டிப்பாக்கிப் பன்னிரண்டு வைத்தால் 3.75 மடங்கு. கோடி கோர் வைத்தாலும் ஐந்து மடங்கைத் தாண்டாது. வீடியோவை மாற்றி எழுதுவது, பெரிய நிரலைத் தொகுப்பது, ரெண்டரிங் ஆகியவற்றில் வரிசைப் பங்கு மிகக் குறைவு. அவற்றுக்குக் கோர் எண்ணிக்கை உண்மையாகவே உதவும். கணக்கு மென்பொருளுக்கும், உலாவிக்கும், பல விளையாட்டுகளுக்கும் ஒற்றைக் கோரின் திறமையே பேசும்.

விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. திரைத் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். வினாடிக்கு வரும் பிரேம்கள் கணிசமாகக் கூடினால் இதுவரை தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. கூடாமல் அதே இடத்தில் நின்றால் பிராசஸரோ ராமோதான் தடை. கிராபிக்ஸ் கார்டு திணறும் கணினியில் புதிய பிராசஸரைப் பொருத்தினால் அது முன்பைவிட வேகமாகக் காத்திருக்கும், அவ்வளவுதான்.

இன்றும் ஹார்டு டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஓடும் கணினிகள் நிறைய இருக்கின்றன. அந்தக் கணினியின் உரிமையாளர் பிராசஸர் விலையை விசாரிக்கவே வேண்டாம். ஹார்டு டிஸ்கின் முள் தகட்டில் ஓர் இடத்தைத் தேடிப் போய்ச் சேர 10 மில்லிவினாடி ஆகும். அதற்குள் 4.5 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் நாலரைக் கோடி துடிப்புகளைக் கடந்துவிடுகிறது. எஸ்எஸ்டி என்றால் ஏறத்தாழ 0.1 மில்லிவினாடி, நாலரை லட்சம் துடிப்பு. பிராசஸர் விலையில் சிறு பங்கைச் செலவழித்து ஒரு எஸ்எஸ்டி வாங்கினால் அந்தக் கணினி புதிதாகவே ஆகிவிடும்.

1331 ஊசிகள்

காத்திருப்பு பிராசஸரில்தான் என்று உறுதியானபின் மதர்போர்டுக்கு வருவோம். ஓர் உண்மையான நிலைமையை எடுத்துக்கொள்கிறேன். 2017 ஏப்ரலில் வெளிவந்த ரைசன் 5 1600, பி350 சிப்செட் உள்ள மதர்போர்டு, இரண்டு எட்டு ஜிபி டிடிஆர்4 ராம். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் உலகெங்கும் மிகப் பரவலாகப் பொருத்தப்பட்ட கூட்டணி. சென்னை ரிச்சி தெருவிலும் இந்த வகைக் கணினிகள் நிறையப் பொருத்தி விற்கப்பட்டன. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர் பட்டியலில் ரைசன் 1000 வரிசை இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஆகவே இந்தக் கணினி வைத்திருப்பவர்களில் பலர், வேகக் குறை எதுவும் இல்லாதவர்களும்கூட, பிராசஸரைப் பற்றி யோசிக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. அவர்களுடைய மதர்போர்டில் உள்ள ஏஎம்4 சாக்கெட் நீண்ட ஆயுள் கொண்டது. 1331 ஊசித் துளைகள் உள்ள அந்தச் சாக்கெட்டில் 28 நானோமீட்டர், 14, 12, 7 என்று நான்கு தலைமுறைத் தயாரிப்பு முறைகளில் வந்த பிராசஸர்கள் உட்காருகின்றன. 2017இல் வாங்கிய போர்டில் 2022இன் 5800எக்ஸ்3டி ஓடும்.

ஆனால் ஊசிகள் பொருந்துவது போதாது. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் நிரலுக்கு அந்தப் பிராசஸரைத் தெரிந்திருக்க வேண்டும். எந்த மின்னழுத்தத்தில் தொடங்குவது, ராமை எப்படிப் பழக்குவது, எந்தப் பிழைகளுக்கு என்ன மாற்று என்பதெல்லாம் ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனி நிரலாக அதில் இருக்கும். பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸைத் தாங்கும் சில்லின் கொள்ளளவு வெறும் 16 எம்பி. இத்தனை தலைமுறைகளின் நிரலும் அதற்குள் அடங்கவில்லை. 2020 மே மாதம் ஏஎம்டி, அடுத்து வரவிருந்த 5000 வரிசை 400 வரிசை சிப்செட் போர்டுகளில்கூட ஓடாது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதம் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. பி350 அடங்கிய 300 வரிசை போர்டுகளுக்கான அனுமதி 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. சில போர்டு நிறுவனங்கள் பழைய பிராசஸர்களுக்கான நிரலை நீக்கிப் புதியவற்றுக்கு இடம் கண்டுபிடித்தன. பயனாளர்கள் குரல் எழுப்பியதால் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள போர்டுகள் குப்பைக்குப் போகாமல் தப்பின. இதை நான் பெரிய செய்தியாகவே கருதுகிறேன்.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. இன்டெல் 2015 ஆகஸ்டில் எல்ஜிஏ1151 சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைப் பிராசஸர்களும் அதே 1151 தொடுமுனைகள் கொண்டவை. ஆயினும் அவை பழைய போர்டில் ஓடாது, இன்டெலின் புதிய 300 வரிசை சிப்செட் வேண்டும் என்றார்கள். ஆறு கோருக்குக் கூடுதல் மின்சாரம் தேவை, அதற்காக முனைகளின் பங்கீட்டை மாற்றினோம் என்பது விளக்கம். ஆர்வலர்கள் பயாஸைத் திருத்தி, சில முனைகளில் சிறு மாற்றம் செய்து, பழைய போர்டுகளில் அவற்றை ஓட்டிக் காட்டினார்கள். சாக்கெட் மாற்றத்துக்கு எப்போதும் இயற்பியல்தான் காரணம் என்று ஏற்பதற்கில்லை. வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்றே. போர்டு நிறுவனத்தின் தளத்தில் தன் போர்டின் பெயரைத் தேடி, அது ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலையும் அதற்குத் தேவையான பயாஸ் பதிப்பையும் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத பிராசஸரை, கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும், வாங்கக் கூடாது.

பயாஸைப் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும். புதியதைப் பொருத்தியபின் நினைவுக்கு வந்தால் கணினி கண் விழிக்காது. சில போர்டுகளில் பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வழியாகப் புதுப்பிக்கும் வசதி உண்டு. பல பழைய போர்டுகளில் இல்லை. 2018இல் இந்தச் சிக்கலில் மாட்டியவர்களுக்கு, பயாஸ் புதுப்பிப்பதற்கென்றே ஒரு சிறிய பிராசஸரை ஏஎம்டி இரவலாக அனுப்பி வைத்தது.

நூறு ஆம்பியர்

பட்டியலில் பெயர் இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

5800எக்ஸ்3டி பெட்டியில் 105 வாட் என்று இருக்கும். ஆனால் சாக்கெட் வழியாக அது எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 142 வாட். எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். பிராசஸர் கேட்பதோ 1.3 வோல்ட் போல. 142ஐ 1.3ஆல் வகுத்தால் 109 ஆம்பியர். வீட்டுக் கூரையில் சுழலும் 75 வாட் மின்விசிறி எடுப்பது ஒரு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட முந்நூறு விசிறிகளின் மின்னோட்டம், தீப்பெட்டியைவிடச் சிறிய சிலிக்கனுக்குள் பாய்கிறது.

12 வோல்ட்டை 1.3ஆகக் குறைக்கும் வேலையைச் செய்வது சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் மாஸ்ஃபெட்டுகள், மின்தூண்டிகள், மின்தேக்கிகள். மாஸ்ஃபெட்டுகள் வினாடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடுகின்றன. அப்போது கடத்தும் சக்தியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அங்கேயே வெப்பமாகிவிடலாம். விலை குறைந்த போர்டுகளில் மாஸ்ஃபெட்டுகளின் எண்ணிக்கை குறைவு, அவற்றின் மேல் ஹீட்சிங்க்கும் இருக்காது. சூடு எல்லை மீறினால் போர்டு பிராசஸரின் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். வாங்கியவர் விலையுயர்ந்த பிராசஸரைக் குறை சொல்வார். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேற்பக்கமும் பாருங்கள். கறுப்புச் சதுரங்கள் வெற்றாக நின்றால், 76 வாட் எல்லைக்குள் இயங்கும் ரைசன் 5 5600 அல்லது ரைசன் 7 5700எக்ஸ் போதும். எட்டு கோர் வேண்டுமென்றாலும் 5700எக்ஸ் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

இன்டெல் பக்கத்தில் இந்த எண்கள் இன்னும் பெரியவை. கோர் ஐ9-13900கே அதிகபட்சமாக 253 வாட் எடுக்கும். அந்த 13, 14ஆம் தலைமுறைகளின் மேல்வரிசைப் பிராசஸர்களில் சில, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தாமே கேட்டு வாங்கி, காலப்போக்கில் உள்ளேயுள்ள சுற்றைச் சிதைத்துக்கொண்டன. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்த நிரல்களை வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் மேற்கொண்டு சேதமாவதைத் தடுக்கும், ஏற்கெனவே சிதைந்ததைச் சரிசெய்யாது. இந்தத் தலைமுறைகளைப் பழைய பொருளாக வாங்க நினைக்கிறவர்கள் உத்தரவாதம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

முப்பத்தாறு டிகிரி அறை

கூலர் பற்றி நாம் படிக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி வெப்பம் உள்ள அறைகளில் எடுத்த அளவீடுகள். கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் குளிர்விக்காது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் அதன் கையில் இருக்கிறது. ஒரு கூலரின் வெப்பத் தடை வாட்டுக்கு 0.4 டிகிரி என்று கொள்வோம். 120 வாட் பிராசஸர் அறையைவிட 48 டிகிரி மேலே நிற்கும். 22 டிகிரி அறையில் 70. மே மாதத்து வேலூரிலோ மதுரையிலோ ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அதே கூலர், அதே பிராசஸர், 84. கேபினட்டுக்குள் அடைபட்ட காற்று இன்னும் சில டிகிரி கூட்டும். 5800எக்ஸ்3டிக்கு வெப்ப எல்லை 90 டிகிரி. மேலே ஒட்டிய கேஷ் அடுக்கினால் அதன் வெப்பம் வெளியேறுவதும் சற்றுக் கடினம். எனவே நம் ஊரில் பொருத்துகிறவர், மதிப்புரையில் போதும் என்று சொன்ன கூலருக்கு ஒரு படி மேலானதை வாங்குவதே சரி. ரைசன் 5 5600 பெட்டியில் சிறிய கூலர் கூடவே வரும். 5700எக்ஸ் பெட்டியிலும் எக்ஸ்3டி பெட்டிகளிலும் கூலர் கிடையாது. பட்ஜெட் போடும்போதே அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தெர்மல் பேஸ்ட் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. அவ்வளவு பேச அதில் விஷயமில்லை. தாமிரம் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே உள்ள நுண்ணிய காற்றிடைவெளிகளை நிரப்பினால் போதும், மெல்லிய பூச்சே நல்லது.

ராமைப் பொறுத்தவரை, பி350 போர்டில் ஏற்கெனவே இருக்கும் டிடிஆர்4ஐ வைத்துக்கொள்ளலாம். ஒற்றை ராம் மட்டும் இருந்தால் இன்னொன்று வாங்குவது பெரிய பலன் தரும். டிடிஆர்4-3200இல் ஒரு தடம் வினாடிக்கு 25.6 ஜிபி கொண்டுவரும். இரண்டு ராம் இருந்தால் இரண்டு தடம், 51.2. நான்கு துளைகள் உள்ள போர்டில் சாக்கெட்டிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும். 3200 என்று எழுதிய ராம் பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காதவரை பெரும்பாலும் 2133, 2400 வேகத்தில்தான் ஓடும். வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட அதை இயக்காத கணினிகள் ஏராளம். காசு செலவில்லாமல் கிடைக்கும் வேகம் அது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 5600, 5700எக்ஸ், 5800எக்ஸ்3டி எதிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரை இருண்டே இருக்கும். அதற்கு 5600ஜி இருக்கிறது. அதில் மூன்றாம் நிலைக் கேஷ் 16 எம்பியாகப் பாதியாகிவிடுகிறது, அந்தக் குறையை அறிந்தே வாங்க வேண்டும்.

பொருத்தும் நாளில் கவனிக்க இரண்டே விஷயம். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பூட்டை நிறுத்தி வையுங்கள். பிராசஸர் மாறியதும் அதற்குள் இருந்த பாதுகாப்புச் சாவியும் போய்விடும். அடுத்தது, ஏஎம்4 பிராசஸரின் ஊசிகள் பிராசஸரிலேயே இருக்கின்றன. காய்ந்து இறுகிய பேஸ்ட், கூலரைத் தூக்கும்போது பிராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியபின் அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாகத் திருகிப் பிடிதளர்த்திவிட்டு மெல்ல எடுக்க வேண்டும்.

ஏஎம்5 சாக்கெட்டுக்கு இப்போதே மாறிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த அந்தச் சாக்கெட்டில் 1718 தொடுமுனைகள். அதில் டிடிஆர்5 மட்டுமே ஓடும். டிடிஆர்4லும் டிடிஆர்5லும் முனைகள் 288தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் துளையில் இறங்காது. ஆக ஏஎம்5 என்றால் பிராசஸர், போர்டு, ராம் மூன்றும் புதிதாக வாங்க வேண்டும். நாள் முழுவதும் வீடியோ, நிரல் தொகுப்பு என்று பிழைப்பே அந்தக் கணினியில் நடக்கிறவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானது. 2027 வரையும் அதற்குப் பிறகும் அந்தச் சாக்கெட்டை ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருப்பதும் அவர்களுக்கு உதவும்.

மற்றவர்கள் ரைசன் 5 1600ஐக் கழற்றி அதே போர்டில் 5600ஐப் பொருத்துங்கள். விளையாட்டுதான் முக்கியம், நல்ல கிராபிக்ஸ் கார்டும் ஹீட்சிங்க் உள்ள போர்டும் இருக்கின்றன என்றால் 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி நியாய விலையில் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ், கேபினட் நான்கும் அப்படியே இருக்கட்டும். கழற்றிய 1600ஐத் தூக்கி எறியாதீர்கள். விண்டோஸ் 11 பட்டியலில் இல்லாவிட்டாலும் லினக்ஸில் ஆறு கோரோடு அது நன்றாக ஓடும், ஒரு பழைய போர்டும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் படிக்கிற பிள்ளை ஒருவருக்குக் கணினி ஆகும்.